பிடி தளர்தலும் பரவுதலும்: வாய்ப்புற்றில் ஈ-கட்ஹெரின் இழப்பு குறித்த மறுவாசிப்பு

வாய்ப்புற்றுத் திசுவில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதமான ஈ-கட்ஹெரினைக் காட்டும் சாயம் வெளிறியிருந்தால் செல்களின் பிடி தளர்ந்துவிட்டது, நோய் கழுத்து நிணநீர்க் கணுக்களை நோக்கிப் புறப்பட்டுவிட்டது என்று கொள்வது ஆய்வுகளில் வழக்கமாகியிருக்கிறது. இரு வேறு நிகழ்வுகளை ஒன்றாகக் குழைக்கும் வாசிப்பு இது என்பதே என் வாதம். அண்டைத் திசுவுக்குள் ஊடுருவுவது ஒன்று. தொலைவிடத்தில் பிழைத்துக் குடியேறுவது வேறு. முன்னதைத் தடுக்கும் ஒட்டுக் கட்டமைப்பே பின்னதற்குத் துணைநிற்கக்கூடும்.

வாய்ப்புற்று நமக்குப் புதிதல்ல: திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று பற்றிய கட்டுரை 1933இலேயே லான்செட்டில் வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டம், வாயைக் கண்ணால் பார்த்தே புற்றைக் கண்டறிவதால் புகையிலை, மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைவதை 2005இல் காட்டியது. ஆனால் எந்த வெண்திட்டு புற்றாகும், எந்தப் புற்று கணுவுக்கு ஏறும் என்பதைக் கண் சொல்லாது. அதனால்தான் சாயத்தைக் கேட்கிறோம். சாயம் சொல்வதைத் தவறாகப் படித்தால் விலை கொடுப்பவர் நோயாளி.

வாதத்தின் மையம் 2019இல் நேச்சர் இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மார்பக நாளப்புற்றின் வெவ்வேறு மாதிரிகளில் அவர்கள் ஈ-கட்ஹெரினை நீக்கினர். எதிர்பார்த்தபடியே ஊடுருவல் கூடியது. ஆனால் செல்கள் பெருகுவதும் பிழைப்பதும் குறைந்தன. இரத்தத்தில் சுற்றும் புற்றுச்செல்கள் குறைந்தன. தொலைவுறுப்பில் வேரூன்றி வளர்வதும் குறைந்தது. பிடியை இழந்த செல்களுக்குள் வினைமிகு ஆக்ஸிஜன் சேர்மங்கள் திரண்டன, செல்கள் மடிந்தன. அந்தச் சாவுப் பாதையைத் தடுத்தபோது பரவல் மீண்டது. ஆக, ஈ-கட்ஹெரின் இங்கே வெறும் பசையாக இல்லை, பயணத்தில் செல்லை உயிரோடு வைத்திருக்கும் காப்பாகவும் இருந்தது.

பழைய வாசிப்பை ஏற்போர் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றனர்: செல் புறப்படும்போது பிடியை விடுகிறது, சேருமிடத்தில் மீண்டும் பற்றிக்கொள்கிறது. அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த விளக்கத்தை ஏற்றால் அவர்களுடைய முன்கணிப்பே ஆட்டம் காண்கிறது. குடியேற்றத்துக்குப் பிடி மீள்வது தேவையென்றால், கன்னத்திலிருந்து எடுத்த துணுக்கில் காணும் இழப்பு கணுவில் நடக்கப்போவதை எப்படிச் சொல்லும்? மார்பகப்புற்றில் தனிச் செல்களைவிடச் சுற்றும் செல்கொத்துகளுக்குப் பரவும் திறன் 23 முதல் 50 மடங்கு அதிகம் என்றும், கொத்தைக் கட்டிவைப்பதில் பிளாக்கோகுளோபின் என்ற ஒட்டுப்புரதத்துக்குப் பங்குண்டு என்றும் 2014இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது.

மார்பகத்துக்குச் சொன்னது வாய்க்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. நுண்ணோக்கியில் ஒரு வாய்ப்புற்றுத் துணுக்கை வைத்துப் பார்ப்போம். நன்கு முதிர்ந்த செதிள்செல் புற்று இழைமத் திசுவுக்குள் பெரும்பாலும் தீவுகளாகவும் விரல்களாகவும் இறங்குகிறது. தீவின் நடுவே கெரட்டின் முத்து. செல்களுக்கிடையே முட்கள் போன்ற பாலங்கள். செல்களைப் பிணைக்கும் டெஸ்மோசோம்களின் தடமான அப்பாலங்களைக் கண்டுதான் ‘செதிள்செல்’ என்றே பெயரிடுகிறோம். ஊடுருவும் புற்றை அதன் பிடியைக் கொண்டு அடையாளம் கண்டுவிட்டு, பிடியிழந்ததால்தான் ஊடுருவியது என்று முடிப்பது பொருந்தாது. தீவின் ஓரத்தில் சாயம் மங்குவது உண்மை. ஓரத்தில் மங்கி நடுவில் திடமாயிருக்கும் தீவுக்கு ‘இழப்பு’ என்று ஒற்றை மதிப்பெண் இடுவதையே மறுக்கிறேன்.

மடல்வகை மார்பகப்புற்றும் ஈ-கட்ஹெரினுக்கான சிடிஎச்1 மரபணுவின் பிறழ்வால் குடும்பவழி வரும் பரவல்வகை இரைப்பைப்புற்றும் ஈ-கட்ஹெரின் இன்றியே பரவுகின்றனவே எனலாம். அவை வேறு பாதையில் பிழைக்கக் கற்ற புற்றுகள். செதிள்செல் புற்றுக்கு அளவுகோல் ஆகா. கனமான எதிர்ச்சான்று மருப்புற்று. புகையிலை மெல்லுவோரிடம் காணும் அது, பிடி குலையாமல் தள்ளிக்கொண்டே வளர்ந்தும் கணுவுக்கு அரிதாகவே செல்கிறது. பிடி இருந்தால் மட்டும் பரவல் நிகழாது என்பதை இது காட்டுகிறது. பிடி இழந்தால் பரவும் என்பதை அல்ல.

ஆகவே சாய அறிக்கை, நிறம் சவ்விலா செல்லகத்திலா, நடுவிலா ஊடுருவும் ஓரத்திலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதே நோயாளியின் கணுவிலுள்ள புற்றையும் கன்னத் துணுக்கையும் அருகருகே வைத்துச் சாயமிட வேண்டும். கணுவில் குடியேறிய செல்கள் பெரும்பாலும் பிடியற்றவை என்று தெரிந்தால் என் வாதம் விழும். அதுவரை, வெளிறிய சாயத்தை மட்டும் நம்பி ஒருவரின் கழுத்தைப் பற்றி முடிவெடுப்பதற்கு நம்மிடம் போதிய சான்று இல்லை.