நாற்பது ஏக்கரில் ஒரு பரண்: காற்று, வழி, எல்லை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் நிலத்துக்கும் அதன் வரைபடத்துக்கும் ஒட்டாது. பனியூழிக் காலத்தில் பனிப்பாளங்கள் தேய்த்துச் சமப்படுத்தாமல் விட்டுப்போன பகுதி அது. முகடுகளும் இடுங்கிய பள்ளத்தாக்குகளும் மனம்போன போக்கில் வளைந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் வேலிகளும் வயல் எல்லைகளும் நூல் பிடித்ததுபோல நேராக ஓடுகின்றன. கோடு போட்டது 1785-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம். ஒரு மைல் சதுரம் 640 ஏக்கர். அதில் காற்பங்கு 160. அதிலும் காற்பங்கு 40. 1862-இன் குடியேற்றச் சட்டம் 160 ஏக்கர் வரை வழங்கியது. கைமாறியும் பிரிந்தும் வந்ததில் ‘நாற்பது’ என்பதே அங்குள்ளோர் பேச்சில் நிலத்தின் அலகாகிவிட்டது. பக்கத்துக்கு 402 மீட்டர். மெல்ல நடந்தாலும் ஆறேழு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

அந்தத் துண்டில் ஒருவர் மான் வேட்டைக்குப் பரண் அமைக்க வேண்டும். எங்கே? மான் எங்கே மிகுதியாக நடமாடுகிறதோ அங்கே என்பது பரவலான விடை. தடம், புழுக்கை, கொம்புரசிப் பட்டை உரிந்த இளமரம், குளம்பால் கீறிய மண் ஆகியவை நெருங்கிக் கிடக்கும் இடத்தில் ஏணியைச் சாத்து என்பார்கள். பெருங்காட்டில் இது நல்ல விடை. நாற்பது ஏக்கரில் இது பெரும்பாலும் தவறான விடை என்பது என் வாதம். அங்கே பரணின் இடத்தைத் தீர்மானிக்க மான் வரும் வழியைப் பார்க்குமுன் மனிதன் வந்துபோகும் வழியைப் பார்க்க வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் பரண், இதணம் என்னும் சொற்கள் தினைப்புனக் காவலோடு ஒட்டியவை. குறிஞ்சித் திணையில் பரண்மேல் இருப்பவர் கிளியையும் பன்றியையும் ஓட்டுகிறார். தாம் இருப்பதை அறிவிப்பதே அவர் வேலை. இங்கே பேசும் பரணில் ஏறியிருப்பவர் இல்லாதவர்போல இருந்தாக வேண்டும். இச்சொல்லை இதற்கு எடுத்தாள்வதில் எனக்குச் சிறு கூச்சம் உண்டு. ஆனாலும் வேறு நல்ல சொல் இல்லை.

வெண்வால் மானின் கண்ணை ஏமாற்றுவது ஓரளவு எளிது. அதன் விழித்திரையில் இருவகைக் கூம்பணுக்களே உள்ளன என்று ஜெரால்டு ஜேக்கப்ஸ் குழுவினர் 1994-இல் அளந்து காட்டினர். ஆரஞ்சும் சிவப்பும் இலைப் பச்சையிலிருந்து அதற்குப் பிரிந்து தெரிவதில்லை. துப்பாக்கிப் பருவத்தில் சட்டப்படி அணிய வேண்டிய ஒளிரும் ஆரஞ்சு உடை மனிதர் கண்ணுக்கு மட்டுமே உறுத்துவது. 2016-இல் விஸ்கான்சின் ஒளிரும் இளஞ்சிவப்பையும் சேர்த்துக்கொண்டது. அசைவுதான் காட்டிக்கொடுக்கும். அதற்கும், பருத்த அடிமரத்தில் முதுகு சாய்த்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்தால் பரிகாரம் உண்டு. மூக்குக்குப் பரிகாரம் இல்லை. மணம் போக்கும் சோப்பும் கரி சேர்த்த துணியும் கடைகளில் குவிந்திருக்கின்றன. அவற்றை நம்பிப் பரணின் இடத்தை முடிவு செய்பவரை நான் நம்பமாட்டேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுரமான 40 ஏக்கர். மேல்காற்று ஒரே சீராக வீசுகிறது. பரணிலிருந்து மனித மணம் 40 பாகை விரிவில் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பரண் மேற்கு எல்லையின் நடுவில் இருந்தால் நிலத்தில் 36 விழுக்காடு அந்த விசிறிக்குள் விழும். நட்டநடுவில் இருந்தால் 9 விழுக்காடு. கிழக்கு எல்லையில் இருந்தால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. தொலைவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூட வடிவியல்தான் இது. உண்மையில் காற்று மரத்தில் மோதும், சரிவில் திரும்பும், ஓய்ந்து மறுபடி கிளம்பும். ஆகவே நடுவில் உட்கார்ந்தவரின் மெய்யான இழப்பு 9 விழுக்காட்டோடு நிற்காது. ஆயிரம் ஏக்கர் பண்ணையில் இந்த விசிறி ஒரு மூலை. இங்கே அது நிலத்தில் மூன்றிலொரு பங்கு.

நடையின் கணக்கு இன்னும் கடுமையானது. நடப்பவரின் இருபுறமும் நூறு மீட்டருக்குள் இருக்கும் மான் அவரை உணர்ந்துவிடும் என்று கொண்டால், எல்லையிலிருந்து நடுவுக்குப் போகும் 201 மீட்டர் நடை நான்கு ஹெக்டேரைக் கலைக்கிறது. மொத்த நிலத்தில் அது காற்பங்கு. இருட்டில் திரும்பும்போது இன்னொரு முறை. அதே தொலைவை எல்லையோரமாக நடந்தால் கலைவது பாதிதான். மற்றப் பாதி யார் தலையில் விழுகிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கலைந்த மான் மறுநாளே மறந்துவிடாதா? இதற்குக் கள ஆய்வுகள் உண்டு. ஓக்லஹோமாவில் நோபிள் அறக்கட்டளையின் பண்ணையொன்றில், ஆண்மான்களுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டி, 2008, 2009 வேட்டைப் பருவங்களில் அவற்றின் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு பகுதியில் 101 ஹெக்டேருக்கு ஒரு வேட்டைக்காரர், இன்னொன்றில் 30 ஹெக்டேருக்கு ஒருவர். பருவம் நகர நகர மான்கள் அசைவைக் குறைத்து மறைவை நாடின. வேட்டைக்காரர் கண்ணில் படுவது சரிந்தது. தென் கரோலினாவின் பிராஸ்னன் காட்டில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு பரணளவிலேயே இதைப் பார்த்தது: ஆள் உட்கார்ந்துபோன பரணின் பக்கம் மான்கள் சில நாட்கள் பகலில் வரத் தயங்கின. இரண்டையும் நாற்பது ஏக்கரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நாற்பது ஏக்கர் என்பது 16 ஹெக்டேர். அதில் ஒரே ஒருவர் வேட்டையாடினாலும், ஓக்லஹோமாவில் அதிக அழுத்தம் என்று வகுத்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு அழுத்தம். ‘என் நிலத்தில் நான் ஒருவன்தானே’ என்ற ஆறுதலுக்கு இடமே இல்லை.

நாளின் வேளையும் பரணை நகர்த்தும். குன்றுப் பகுதியில், வெயில் ஏறியபின் சூடான காற்று சரிவில் மேலேறும். அந்தி சாயக் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். காலைப் பரண் மான் நடக்கும் வரிசைக்கு மேலே இருக்கலாம், மாலைப் பரண் கீழே இருக்க வேண்டும் என்ற பொதுவிதி இதிலிருந்து வருகிறது. விதியில் ஓட்டை உண்டு: கிழக்கு வெளுத்தும் சரிவில் வெயில் படாத அந்த அரைமணி நேரம் காற்று இன்னும் கீழேயே வழிந்துகொண்டிருக்கும். மான் மிகுதியாக நடமாடுவதும் அப்போதுதான். மாலையில் வேறொரு சிக்கல். வயலோரப் பரணில் இருப்பவர் இருட்டியதும் இறங்க வேண்டும். அதற்குள் வயலில் ஏழெட்டு மான்கள் மேய வந்திருக்கும். அவர் இறங்குவதை ஒரு பிணைமான் பார்த்துச் சீறினால் போதும், அந்த வாரம் முடிந்தது. சிலர் வீட்டிலிருந்து யாரையாவது டிராக்டரில் வரச்சொல்லி ஏறிக்கொள்கிறார்கள். பண்ணை வண்டிக்கு மான் பழகியிருக்கும்; மனிதன் மரத்திலிருந்து இறங்குவதற்குப் பழகுவதில்லை. இருட்டில் ஏறி இறங்குபவர் முழுவுடல் சேணப்பட்டையைத் தரையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன்; பரண் வேட்டையில் எலும்பு முறிவது பெரும்பாலும் விழுவதால்தான்.

விளிம்பைப் பற்றி ஆல்டோ லியோபோல்டைத் தொடாமல் பேச முடியாது. 1933-இல் வெளிவந்த வேட்டைவிலங்கு மேலாண்மை நூலில், வேட்டை விலங்குகள் இருவகை நிலங்கள் சந்திக்கும் விளிம்புகளில் செழிக்கின்றன என்ற கருத்தை நிலைநிறுத்தியவர் அவர். அவரும் வில்வேட்டைக்காரர்தான்; 1935-இல் விஸ்கான்சினின் சாக் கவுண்டியில் வாங்கிய தேய்ந்த பண்ணை அவரது சிறுநிலம். ஆனால் அவர் சொன்னது விலங்கின் பெருக்கத்தைப் பற்றி. பரண் விற்பவர்கள் அதை வயலோரத்தில் உட்கார் என்ற அறிவுரையாகச் சுருக்கிவிட்டார்கள். மான் பகலில் நாடும் விளிம்பு காட்டுக்குள்ளேயே இருக்கிறது: பத்தாண்டுக்கு முன் மரம் வெட்டிய புதரும் முதிர்ந்த மரங்களும் சந்திக்கும் இடம், வெள்ளை ஓக் நிற்கும் திட்டு. வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு; அது உதிரும் இலையுதிர் பருவத் தொடக்கத்தில், சிவப்பு ஓக்கின் கொட்டை காலடியில் கிடந்தாலும் மான் வெள்ளையைத் தேடிப் போகும். படுக்கும் இடத்துக்கும் வயலுக்கும் நடுவே இப்படி ஒரு திட்டு இருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே மான் நின்று தின்னும் இடம் அதுதான். இரைக்கு மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்து இதைச் செயற்கையாக உண்டாக்கலாமே என்பவருக்கு: 2002-இல் விஸ்கான்சின் மான்களில் நாட்பட்ட உருக்கி நோய் (CWD) கண்டறியப்பட்டபின் பல கவுண்டிகளில் இரை வைக்கத் தடை உள்ளது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு நவம்பரிலிருந்து வருகிறது. இணைசேரும் பருவத்தில் கலைமான் பிணையைத் தேடித் தன் வழக்கமான எல்லையைத் தாண்டி அலையும். பகலில் திறந்தவெளியைக் கடக்கும். அப்போது நடுவிலுள்ள இடுக்கில், இரு சரிவுகள் கூடும் கணவாயில், நாள் முழுக்க உட்கார்வதே மேல் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஒரு வரம்போடு: அது ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்கள் செலவழிக்கத்தக்க முதல். அக்டோபரிலேயே அதை எடுத்துத் தின்றவருக்கு நவம்பரில் கையில் ஒன்றும் இராது. நடுப்பகுதியைத் தொடாமல் புகலிடமாக விடுவது என்ற யோசனையும் இதே கணக்கில்தான் பொருள்படும். மான் திரியும் பரப்பு நூற்றுக்கணக்கான ஏக்கர். பத்து ஏக்கர் புகலிடம் அதை அடக்கிவைக்காது. ஆனால் சுற்றிலும் எல்லோரும் காட்டை மிதித்துக்கொண்டிருக்கையில், மிதிபடாத பத்து ஏக்கருக்குத் தன் அளவை மீறிய மதிப்பு வரும்.

இனி எல்லை. காற்று பரணை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்றேன். சட்டம் அதை உள்ளே தள்ளுகிறது. அம்பு பட்ட மான் நூறு மீட்டருக்கு மேலும் ஓடி விழலாம். விஸ்கான்சினில் அது அடுத்தவர் நிலத்தில் விழுந்தால், எடுக்கவும் அவர் அனுமதி வேண்டும். அடியில் ஒரு பழைய முரண் கிடக்கிறது. நிலம் தனியுடைமை, மான் அப்படியல்ல. 1896-இல் கீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காட்டுயிர் மாநிலத்தின் உடைமை என்றது. 1979-இல் ஹியூஸ் வழக்கில் அந்த உடைமைக் கோட்பாட்டைக் கைவிட்டது. ஆயினும் மாநிலம் மக்கள் சார்பில் காட்டுயிரைப் பேணும் பொறுப்பாளர் என்ற கருத்து நீடிக்கிறது. அளவைச் சட்டத்தின் நேர்கோடு மானைக் கட்டுப்படுத்தாது, வேட்டைக்காரரைக் கட்டுப்படுத்தும்.

எல்லையோரமாக நடந்தால் கலைவது பாதிதான் என்று மேலே சொன்னேனே, மற்றப் பாதி அண்டை நிலத்துக்காரர் மேல் விழுகிறது. காற்றின் கீழ்க்கோடியில் உட்கார்பவர் தன் மணத்தையும் அவருக்கே அனுப்புகிறார். அவரும் இதே கட்டுரையைப் படித்தால் தன் கிழக்கு எல்லையில் மானின்றி உட்கார்ந்திருப்பார். என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஓரளவு விடை அண்டை நிலத்தார் சேர்ந்து வகுத்துக்கொள்ளும் கூட்டுறவுகளில் இருக்கிறது. 1988-இல் தென் கரோலினாவில் ஜோ ஹாமில்டன் தொடங்கிய தரமான மான் மேலாண்மைச் சங்கம் அவற்றை ஊக்குவித்தது. அது 2020-இல் வேறோர் அமைப்போடு இணைந்து தேசிய மான் சங்கமாயிற்று. இக்கூட்டுறவுகளின் பேச்சு பெரும்பாலும் எந்த மானைச் சுடுவது, எதை விடுவது என்பதிலேயே நிற்கிறது. யார் எந்தக் காற்றில் எந்த வழியாக நுழைவது என்பதையும் பேச வேண்டும்.

ஒரு கற்பனை நாற்பதில் இதையெல்லாம் வைத்துப் பார்க்கலாம். மேற்கே முகடு, கிழக்கு நோக்கிச் சரிவு, வடகிழக்கு மூலையில் மக்காச்சோள வயல், தெற்கு எல்லையை ஒட்டிக் கிழக்கே இறங்கும் ஓடை, சாலை தென்கிழக்கில். நவம்பரில் குளிரலைக்குப் பின் வீசும் வடமேற்குக் காற்றில் மான்கள் முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்றை முதுகுக்கு விட்டுப் பள்ளத்தைப் பார்த்துப் படுக்கும். தடங்கள் நெருங்குவது சரிவின் நடுவில். கை அரித்தாலும் அங்கே ஏணி வேண்டாம். பரண் தெற்கே, ஓடைக்கரையில், எல்லையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் உள்ளே, வடக்கு நோக்கி. மான் வயலுக்கு இறங்கும் சாய்ந்த வழி அதற்கு மேலே இருக்கும். மணம் தென்கிழக்கே போகும். அந்தியில் ஓடையோடு கீழே வழியும். வருவதும் போவதும் ஓடைப் படுகைக்குள்ளேயே. நீரின் சலசலப்பு காலடியை மூடும், கரை ஆளை மறைக்கும், வயலில் நிற்கும் மானுக்கு எதுவும் தெரியாது. தென்காற்று வீசும் நாளில் அந்தப் பரண் காலியாக இருக்க வேண்டும். ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரருக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அந்த நாளாக இருந்தாலும்.