பெரியம்மாவின் கட்டை விரலும் வேலூரும்

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர் சங்கரன்கோவில்ல, ஒரு விசைத்தறிக் கூடத்துல ஆரம்பிக்குது.

எங்க பெரியம்மா பல வருஷமா தறி ஓட்டுறாங்க. பாவுல இழை அறுந்தா தறியை நிறுத்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து முடிச்சு போடணும். இப்போ அது முடியல. கட்டை விரலோட அடிமேடு வத்திப்போச்சு. விரல் மத்த விரல்களுக்கு எதிரே வந்து நிக்கல.

கார்பல் டன்னல் சிண்ட்ரோம்னு டாக்டர் சொன்னார். மணிக்கட்டுல இருக்கிற குறுகலான பாதைக்குள்ள நடு நரம்பு நசுங்கிடுது. நரம்பை விடுவிச்சாலும், ரொம்ப நாள் வத்திக் கிடந்த தசை திரும்பாம போகலாம். அதனால வேற இடத்துத் தசைநாணை எடுத்துக் கட்டை விரல்ல இணைக்கலாம்னார்.

"பாவு பிணைக்கிற மாதிரியா?"ன்னு கேட்டாங்க பெரியம்மா.

கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த முறைக்கு நம்ம ஊர்லயே ஒரு பெரிய வரலாறு இருக்கு.

கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வலிக்கிற அளவுக்கு இருந்தது!

அங்கதான் விஷயம் பிடிபட்டது. செயலிழந்தது உள்ளங்கையின் சின்னத் தசைகள். முன்கைத் தசைகள் நல்லாவே இருக்கு. அப்போ ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்கலாமே?

மோதிர விரலை மடக்க ரெண்டு நாண்கள் இருக்கு. அதில் ஒன்றை எடுத்து, தோலுக்கு அடியில் கொண்டுபோய், கட்டை விரலில் தைத்துவிடலாம். அறுவைக்கு அப்புறம் மூளைக்கும் பயிற்சி வேணும். மோதிர விரலை மடக்குறதா நினைச்சா, அசையுறது கட்டை விரல்!

தசைநாண் மாற்றம் உலகத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அதை முறையாகச் செய்து காட்டிய முன்னோடி பிராண்ட். அந்தப் புண் ஆறாதுன்னு பலர் நம்பின காலம் அது.

ஆனா கை சரியானவங்க சிலர் திரும்பி வந்து வருத்தப்பட்டாங்க. கை நல்லா இருந்தா பிச்சை விழல; பழைய நோயாளின்னு வேலையும் கிடைக்கல. அதனால வேலூர் வளாகத்திலேயே நவஜீவ நிலையம் உருவாச்சு. அங்கே தச்சு வேலை மாதிரி கைத்தொழில் கத்துக்கிட்டாங்க. நாணை மாத்தினா மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேணும்னு வேலூர் புரிஞ்சுக்கிட்டது.

பெரியம்மாவும் டாக்டர்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க: "மறுபடி முடிச்சு போடுவேனா?" பயிற்சியை விடாம செஞ்சா வாய்ப்பு இருக்குன்னார். சரின்னுட்டாங்க.

கடைசியா ஒண்ணு. ராத்திரியில கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் முழிப்பு வருதா? கையை உதறிட்டுத் திரும்பப் படுத்துக்காதீங்க. தசை வத்துறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. பெரியம்மா பார்க்காம விட்டது அதைத்தான்.