கித்திகோ–ஹச்சிகோ: பொதுநிலத்தில் எந்த மரம், யாருக்காக?

மரக்கன்றைப் பிடுங்குவோர் இயற்கைக்குப் பகைவர் என்று கொள்வது எளிது. 1987 நவம்பர் 14 அன்று, அன்றைய தார்வாட் மாவட்டம் ஹானகல் வட்டத்தைச் சேர்ந்த குஸ்னூரில் நிகழ்ந்த அறப்போராட்டம் இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது.

1984இல் கர்நாடக அரசு ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் நிலத்தைக் கர்நாடகா பல்ப்வுட் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு அளிக்க முடிவு செய்தது. அந்நிறுவனம் அரசும் ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் ஆலையும் கூட்டாக நடத்தியது. ஆலைக்கு வேண்டிய மரக்கூழுக்காகத் தைலமரம் வளர்ப்பதே நோக்கம்.

அரசு ஆவணங்களில் அந்நிலம் 'சி', 'டி' வகுப்பைச் சேர்ந்த சீரழிந்த நிலம். சுற்றுவட்டார மக்களுக்கோ அது மேய்ச்சற்புறம். விறகும் தழையும் தந்த இடம். ஆடுமாடு தைலமர இலையைத் தின்னாது. ஆகவே ஆவணத்தில் பசுமை கூடியபோது, நிலமற்றோரும் சிறு உழவரும் தம் வாழ்வாதாரத்தில் ஒரு பகுதியை இழந்தனர். நடுமுன் அவர்களைக் கலந்துகொள்ளாததே பூசலின் வேர்.

சமாஜ பரிவர்த்தன சமுதாய அமைப்பினரும் எழுத்தாளர் சிவராம காரந்தரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். குஸ்னூரில் திரண்ட மக்கள் அடையாளமாகச் சில தைலமரக் கன்றுகளைப் பிடுங்கி, தமக்குப் பயன்தரும் கன்றுகளை அங்கே நட்டனர். 'கித்திகோ–ஹச்சிகோ' என்னும் கன்னடப் பெயருக்குப் 'பிடுங்கு, நடு' என்பது பொருள். இரு வினைகளும் சேர்ந்தே கோரிக்கையாயின என்பது கருதத்தக்கது. இரண்டாம் வினையை விட்டுவிட்டால் இப்போராட்டம் வெறும் மர எதிர்ப்பாகத் தோன்றும். மக்கள் மறுத்தது மரத்தையன்று. மரத்தைத் தெரிவு செய்யும் உரிமை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதையே. 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டது.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகளின் மூலப்பொருளைவிட ஊர்மக்களின் விறகு, தீவனத் தேவைகளுக்கு முன்னுரிமை அளித்தது. எனினும் வினா ஓயவில்லை. காட்டுநிலத்து அயல்மரத் தோட்டங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதாகக் கேரள அரசு 2021இல் கொள்கை வகுத்தது. 2024 மே மாதம் வன வளர்ச்சிக் கழகம் தைலமரம் நட அனுமதித்துத் திருவனந்தபுரத்திலிருந்து ஆணை வெளியானபோது எதிர்ப்பு எழுந்தது; ஆணை திருத்தப்பட்டது.

நகரப் பூங்காவாயினும் ஊர்ப் புறம்போக்காயினும், நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை பாதிக் கணக்கே. அந்நிலம் அதற்குமுன் யாருக்கு எவ்வாறு பயன்பட்டது, நடுமுன் அவர்களிடம் கேட்கப்பட்டதா என்பன மீதிக் கணக்கு. வன வரலாற்றை ஆராயும் மாணவர்கள் துறை அறிக்கைகளோடு மனுக்களையும் போராட்ட முழக்கங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டுவது இதனாலேயே.