'அம்மா, அடுத்து என்ன?' - 3 வயதுக் குழந்தை தானாகவே செய்ய சில எழுத்து விளையாட்டுகள்

காலை 10 மணி. லேப்டாப்பில் மீட்டிங் ஓடுது. பின்னாடி இருந்து ஒரு குரல், ''அம்மா, போர் அடிக்குது!'' கை தானாகவே மொபைலை எடுத்து நீட்டிடும். நீட்டினதுக்கப்புறம் மனசு உறுத்தும். 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கு உட்கார்ந்தபடி ஸ்கிரீன் பார்க்கிற நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு. சரி, அதுக்குப் பதிலா என்ன கொடுக்கிறது?

ரூல்டு நோட்டும் பென்சிலும் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். பிறக்கும்போது மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல வருஷங்கள் ஆகும். 3 வயசுல 'அ' எழுதச் சொல்லி அழ வைக்கிறதைவிட, விரல்களுக்கு பலமும் காதுக்குப் பழக்கமும் கொடுக்கிறதுதான் இப்போதைய வேலை.

'அ'-வில் ஏன் ஆரம்பிக்கணும்?

எழுதிப் பார்த்தா தெரியும்... 'அ', 'இ' எல்லாம் சுழியும் வளைவுமா குழந்தையின் கைக்குக் கஷ்டமானவை. 'ட' ரெண்டே கோடு. 'ப' மூணு கோடு. அந்த 'ப'-வோடு ஒரு வளைவு சேர்ந்தா 'ம'. இந்த மூணு எழுத்தும் ஒரு புள்ளியும் போதும்... படம், பட்டம், மட்டம்னு வார்த்தையே வந்துடும். அடுத்து 'ர' சேர்த்தா மரம், பம்பரம். 247 எழுத்தும் வரிசையா வரணும்னு அவசரமே இல்லை.

முதல்ல ரவை தட்டு. விளிம்பு உள்ள ஒரு தாம்பாளத்தில் மெல்லிய படலமா ரவையைப் பரப்பி, பக்கத்தில் 'ட' எழுதின அட்டையை வைங்க. விரலால எழுதும், தட்டை ஆட்டும், அழிஞ்சிடும், திரும்ப எழுதும். தப்பு எங்கேயும் பதிவாகாது, அதனால பயமும் இல்லை. விஜயதசமி அன்னிக்கு அரிசியில் எழுத வைக்கிறோமே, அதைத் தினமும் செய்யற மாதிரிதான். (ரவைக்கு எறும்பு வரும். தூள் உப்பும் போடலாம். ஆனா, மழைக்காலத்துல அது கட்டி தட்டிடும்.)

உப்புத்தாள் எழுத்து இன்னும் நல்லா வேலை செய்யும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டணும். கண்ணால பார்த்து, விரலால தடவி, வாயால சொல்லும். மரியா மாண்டிசோரி வகுப்புகளில் பிரபலமான முறை இது. அவர் 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கார்.

துணி கிளிப்பும் நல்ல பொருள். வட்டமான அட்டையின் ஓரத்தில் நாலு எழுத்து, நாலு கிளிப்பிலும் அதே எழுத்துகள். பொருத்திக் கவ்வ விடணும். அட்டையின் பின்பக்கமும் கிளிப்பின் பின்பக்கமும் ஒரே கலர்ல புள்ளி வெச்சுட்டா, சரியான்னு குழந்தையே திருப்பிப் பார்த்துக்கும். ''அம்மா, சரியா?''ன்னு உங்ககிட்ட ஓடி வராது. தனியா விளையாடறதோட ரகசியமே இந்தப் புள்ளிதான். கிளிப்பை அழுத்துற அதே விரல்கள்தான் பின்னாடி பென்சிலைப் பிடிக்கும்.

ஒலிக்கூடையில் மட்டும் கொஞ்சம் கவனம். 'ப'-வில் தொடங்கும் பொருள்களைக் கூடையில் போட்டு வைக்கிற விளையாட்டு இது. பந்து, பம்பரம், பை எல்லாம் ஓகே. பஸ்ஸும் பலூனும் வேண்டாம். எழுத்து ஒண்ணுதான், ஆனா காதுக்கு ஒலி வேற. பெரியவங்க நமக்கு வித்தியாசமே தெரியாது. குழந்தை குழம்பும். ஆங்கில எழுத்துகளும் பழகுறாங்கன்னா பரவாயில்லை, ரெண்டையும் ஒரே தட்டில் மட்டும் வைக்காதீங்க.

செலவே இல்லாத ஒண்ணு, காலி கவர்கள். ஆவின் கவர், பிஸ்கட் கவர் இதெல்லாம் ரெண்டு ரெண்டா கழுவிக் காயவெச்சு வெட்டிக் கொடுத்தா ஜோடி சேர்க்கும். 'ஆவின்'னு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனா, அந்த எழுத்துகள் ஏதோ சொல்லுதுன்னு புரியும். வாசிப்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

கதைக்கு, உங்க குரலையோ பாட்டியோட குரலையோ மொபைலில் ரெக்கார்டு பண்ணுங்க. பக்கம் திருப்பற இடத்துல டம்ளர்ல 'டிங்'னு ஒரு தட்டு. போனைக் கவிழ்த்து வெச்சுட்டு, புத்தகத்தைக் கையில் கொடுத்துடலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், பிரின்ட் எடுத்துக்கலாம். சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் இருமொழிப் புத்தகங்களும் கிடைக்கும்.

தனியா உட்காருமா?

முதல் நாளே உட்காராது. ரெண்டு மூணு நாள் நீங்க பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாம, மெதுவா செஞ்சு காட்டணும். ஒரு தட்டில் ஒரு விளையாட்டு மட்டும். குழந்தைக்கு எட்டுற உயரத்தில் மூணு தட்டு போதும், வாரம் ஒருமுறை மாத்துங்க. எடுத்ததைத் திரும்ப வைக்கிறதும் விளையாட்டில் சேர்த்தி. 10 நிமிஷம் உட்கார்ந்தாலே பெரிய விஷயம். நடுவுல எழுத்தைத் தலைகீழா வெச்சா ஓடிப்போய்த் திருத்தாதீங்க, பாதியில் விட்டுட்டா இழுத்து உட்கார வைக்காதீங்க.

'தனியா'ன்னா வேற ரூம்ல இல்லை, உங்க கண் பார்வையில். புளியங்கொட்டை, மணி, சில்லறைக் காசு, பட்டன் பேட்டரி எதுவும் தட்டுப் பக்கமே வரக் கூடாது. வாயில் போட்டுக்கும், இல்லைன்னா மூக்கில் திணிச்சுக்கும். பட்டன் பேட்டரியை விழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாகூட, காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும்.

இன்னொண்ணு... பின்னாடி இருந்து கூப்பிட்டா அடிக்கடி திரும்பலை, ஒலி விளையாட்டில் ஆர்வமே இல்லைன்னா, 'விளையாட்டுப் புத்தி'ன்னு விட்டுடாம குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்டி காது கேட்கும் திறனைப் பரிசோதிச்சுடுங்க.