போர்ட் லூயியில் இறங்கிய அஞ்சலைகள்

எங்கள் தெருவில் மட்டும் மூன்று அஞ்சலைகள் உண்டு. என் ஆயா அவர்களில் ஒருத்தி. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தில் ‘அஞ்சலே’ என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். மொரீசியஸில் ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு அஞ்சலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் எனப் படித்தபோது எனக்கு வந்த ஆச்சரியம் அதனால்தான். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் தீவில் எங்கள் தெருப் பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

போன வழி போர்ட் லூயி. மொரீசியஸின் தலைநகரமும் துறைமுகமும் அதுதான். 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே அதைத் தலைமையிடமாக்கிக் கட்டியெழுப்பினார். கட்டியது யார் என்று கேட்டால் பாடப்புத்தகம் அவர் பெயரோடு நின்றுவிடும். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். கொத்து வேலையும் தச்சு வேலையும் தெரிந்தவர்கள் புதுச்சேரியிலிருந்து போனார்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தமிழர் எல்லாரும் மலபார்கள். அதே துறைமுகத்திலிருந்து கப்பற்படையோடு கிளம்பித்தான் லா பூர்தொனே 1746இல் சென்னையைப் பிடித்தார். 1810இல் ஆங்கிலேயர் படை தீவையே பிடித்தது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அதற்கு முன்பே வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். 1834 நவம்பரில் ‘அட்லஸ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் நாலரை லட்சம் பேர் அந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். சென்னையில் கப்பலேறியவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். எங்கள் ஊர் அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சம், கடன், சாதிக்கொடுமை என்று ஊரைவிட்டு ஓட அங்கே காரணங்களுக்குக் குறைவில்லை.

இறங்கியவர்கள் 16 கல்படிகள் ஏறினார்கள். 1849இல் கட்டத் தொடங்கிய அந்தக் குடியேற்றக் கிடங்குக்கு நெடுநாள் ‘கூலி காட்’ என்றே பெயர். இன்று ‘ஆப்பிரவாசி காட்’. 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். ஏறியவர்களுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு எல்லாம் பதிவேட்டில் ஏறின. பிறகு தோட்டம். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. நோய் என்றாலும் கணக்குக் கணக்குதான்.

பெண்கள் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு விகிதமாக. முதல் ஆண்டுகளில் கப்பல்களில் பெண்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஆண்கள் மட்டும் வந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள், தோட்ட வரிசைகளில் சண்டையும் ஓயவில்லை என்று அதிகாரிகள் கண்டார்கள். அதன் பிறகு இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் என்று விதி போட்டார்கள். குதிரைக்கு லாயம் கட்டுவதுபோல ஆணுக்குப் பெண். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும். சமைத்து, பெற்று, வளர்த்து, கரும்புக் கொல்லையிலும் குனிந்தவர்கள் வந்துசேர்ந்த பிறகுதான் வந்துபோன கூலிக்கூட்டம் குடிமக்களானது. 1861இலேயே தீவின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். போர்ட் லூயி ஏற்றுமதி செய்த சர்க்கரை மூட்டைகளின் கணக்கில் இந்த உழைப்புக்குத் தனிப் பத்தி கிடையாது.

பதிவு செய்யாத தாலிக்குச் சட்டத்தில் மதிப்பும் இல்லை. இறங்கிய ஆணின் பெயர் குடும்பப் பெயராகித் தலைமுறைகளுக்கு நின்றது. ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ ஆனார், சின்னையன் ‘சினியென்’ ஆனார். அந்தக் குடும்பங்களின் முதல் தாயின் பெயரைத் தேட வேண்டுமானால் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். மரீனா கார்ட்டர் என்ற வரலாற்றாசிரியர் 1994இல் பெண்களின் மனுக்களையும் வாக்குமூலங்களையும் தேடியெடுத்து ‘லட்சுமியின் மரபு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். அங்கே பெண்கள் விகிதமாக இல்லை, வாய் திறந்து பேசுகிறார்கள்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் வேறு பாதை பிடித்தன. துறைமுகத்தின் பழைய மவுசு குறைந்தது. சர்க்கரை நிற்கவில்லை. 1943 செப்டம்பர் 27 அன்று தீவின் வடக்கே பெல் வியு ஹரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டது. இறந்த நால்வரில் ஒருத்தி அஞ்சலை கூப்பன். வயது 32. கர்ப்பிணி. அரங்கத்துக்கு வைத்தது இவள் பெயரைத்தான்.

இறந்தவர்களின் பெயர்களை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கூப்பன் என்றதும், “குப்பன்னு சொல்லுடி” என்று திருத்தினாள். முனுசாமி, கிருஷ்ணசாமி என்று வந்தபோது, “எல்லாம் நம்ம பக்கத்துப் பேராவே இருக்குதே” என்றாள். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பொண்ணுக்கு எத்தினி மாசம்?”

நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கர்ப்பிணி என்று மட்டும்தான் போட்டிருந்தது.