கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய பள்ளிக்கூடங்கள்



ஒவ்வொரு ஒக்டோபரிலும் நாம் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தப் பதிவு அந்த மாதங்களைப் பற்றியது.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் கால்நடையாகவும் லொறிகளிலும் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமானது. ஆலங்குடாவின் முகாம்களும் அப்படி உருவானவைதான்.

முதல் சோறு அரசாங்கம் கொடுத்ததல்ல. பள்ளிவாசல்களும் இந்த மண்ணின் குடும்பங்களும் சமைத்துக் கொடுத்தவை. அதன் பிறகுதான் உலர் உணவு நிவாரணம் வந்தது.

பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான் தொடங்கியது. வந்தவர்களுக்குள்ளே ஆசிரியர்கள் இருந்தார்கள், அதிபர்கள் இருந்தார்கள். கட்டடம் மட்டும் இல்லை. சில இடங்களில் ஊர்ப் பாடசாலை காலையில் முடிந்ததும், அதே வகுப்பறையில் அகதிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாடசாலை நடந்தது. வேறு இடங்களில் தகப்பன்மார் கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து கொட்டில் போட்டார்கள். ஆசிரியர் போதாத இடத்தில் உயர்தரம் படித்த இளைஞர்களும் யுவதிகளும் தொண்டர் ஆசிரியர்களாக நின்றார்கள். பல வருடம் நிரந்தர நியமனம் இல்லாமலே கற்பித்தவர்களும் அவர்களில் உண்டு.

இதை அழகான கதையாக மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் கூலி வேலைக்குப் போய் இடையில் படிப்பை விட்ட பிள்ளைகள் ஏராளம். ஊர்ப் பிள்ளைகளின் வகுப்பறை, கிணறு, காணி, தொழில் எல்லாவற்றிலும் நெருக்கடி வந்தது. வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் மனக்கசப்பும் ஏற்பட்டது. அந்தச் சுமையைத் தாங்கிய ஊர் மக்களின் பங்கும் இந்த வரலாற்றில் எழுதப்பட வேண்டும்.

கொட்டில்கள் கல்வீடுகளாக மாற நீண்ட காலம் எடுத்தது. உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியதே 2007இல்தான். அதுவரை 17 வருடம் முகாம்களில் பாடசாலையும் மத்ரஸாவும் நின்றுபோகாமல் நடந்ததற்கு முதல் காரணம் அங்கே வாழ்ந்த மக்கள்தான்.

பலஸ்தீன அகதிகளுக்கு 1950 முதல் ஒரு தனி ஐ.நா. நிறுவனம் பாடசாலை நடத்துகிறது. அதன் புகைப்படங்களும் திரைப்படங்களும் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. நமக்கு அப்படியொரு நிறுவனம் இல்லை. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த மர்ஹூம் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் தம் வாழ்நாளெல்லாம் ஆய்வு செய்தார்கள். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011இல் வெளிவந்தது. ஆனால் எந்தக் கொட்டிலில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், யார் கற்பித்தார்கள் என்ற விபரம் பழைய வரவு இடாப்புகளிலும் பள்ளிவாசல் கூட்டக் குறிப்புகளிலும்தான் கிடக்கிறது. கறையான் அரித்தால் அதுவும் போய்விடும்.

முகாமில் முதன்முதலில் கற்பித்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். சிலர் வபாத்தாகிவிட்டார்கள். சிலர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய இடாப்பு, நிவாரண அட்டை, மாணவர் அறிக்கை, வகுப்புப் படம் எது இருந்தாலும் வீசிவிடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்து, வருடத்தையும் முகாமின் பெயரையும் குறித்து வையுங்கள். உங்கள் உம்மா, வாப்பா, அப்பாவிடம் கேட்டு அரைமணி நேரமாவது குரல்பதிவு செய்யுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அவற்றை ஒழுங்குபடுத்தித் தருகிறோம். இந்த ஊரவர், வந்தவர் என்ற பேதம் வேண்டாம். இரு தரப்பின் நினைவும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.