கோயிற் கணக்கின் மொழியும் ஊரின் மொழியும்: திருப்பதி, சித்தூர் ஆவணங்கள் குறித்து ஒரு நோக்கு

திருமலையிலும் திருப்பதியிலும் திருச்சானூரிலும் உள்ள கோயில்களின் சுவர்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அமைந்தவை சிலவே. இவ்வுண்மை மொழியெல்லை குறித்த எழுத்துகளில் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. கல்வெட்டு தமிழாதலின் அப்பகுதி மக்களும் தமிழராவர் என ஒரு சாரார் கூறினர்; வெளியூரிலிருந்து வந்த கோயிற் பணியாளர் எழுதியவை அவை என மறுசாரார் ஒதுக்கினர். இவ்விரு கூற்றுகளும் ஒரு வினாவைத் தவிர்த்துச் செல்கின்றன. இந்த ஆவணங்களைத் திரட்டியவர் யார், எதன்பொருட்டுத் திரட்டினர், எந்த ஒழுங்கில் வைத்தனர்? இதற்கு விடை காணாமல் ஆவணத்தின் மொழியைக் கொண்டு ஊரின் மொழியை முடிவு செய்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் கோயில் தன் தகவல்களைப் பதிவு செய்த முறையைக் காணலாம். விசயநகர ஆட்சிக்காலத்தில் ஒருவர் திருவேங்கடமுடையானுக்கு அமுதுபடி ஏற்படுத்த விரும்பினால் ஸ்ரீபண்டாரத்தில் பணம் செலுத்துவார். அல்லது ஊரொன்றை விடுவார். தானத்தார் எனப்பட்ட நிர்வாகக் குழுவினர் அதனை ஏற்று, இன்ன நாளில், இன்ன சந்தியில், இத்தனை மரக்கால் அரிசியும் இத்தனை நாழி நெய்யும் கொண்டு திருப்போனகம் அமுது செய்விப்போம் என உடன்படுவர். பணம் பண்டாரத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. அது கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதற்குச் செலவிடப்பட்டு, அதனால் மிகுந்த விளைச்சலிலிருந்து அமுதுபடி நடத்தப்பெற்றது. அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் இடைக்காலக் கோயிலின் பொருளியற் பணியை விளக்க இக்கல்வெட்டுகளையே பயன்படுத்தினார். பக்திக்காகப் பொறித்தவை நீர்ப்பாசன வரலாற்றுக்குச் சான்றாயின.

அமுது செய்த பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய பங்கு 'விட்டவன் விழுக்காடு' எனப்பட்டது. அது பெரும்பாலும் நாலில் ஒன்று. இன்று நாம் நூற்றுக்கு இத்தனை என்ற பொருளில் ஆளும் விழுக்காடு என்னும் சொல், இங்கே ஒருவர்க்கு விழும் பங்கு என்ற பொருளில் சமையற்கட்டின் கணக்கோடு ஒட்டி நிற்கிறது. இப்பங்கினைத் தாமே பெறுவதா, மடத்திற்கோ உறவினர்க்கோ அளிப்பதா என்பதையும் ஆவணம் சொல்லியாக வேண்டும். எனவேதான் இக்கல்வெட்டுகள் நீளமானவை. பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் எடுத்துக்காட்டுவதற்கு உரிய ஒப்பந்தமாகவே சுவர் அமைந்தது.

மொழிநடையை நோக்குவார்க்கு இவ்வொப்பந்தத் தன்மை முதன்மையானது. ஒரு முழுக் கல்வெட்டும் பெரும்பாலும் ஒரே தொடராக ஓடுகிறது. செலுத்தி, வெட்டி, விளைந்த முதலிய எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, 'சிலாசாசனம் பண்ணிக்குடுத்தபடி' என்ற வாய்பாட்டில் தங்குகின்றன. 'கொடுத்த' என்னாது 'குடுத்த' என வருவது, எழுத்து வழக்கினுள் பேச்சு வழக்கு புகுந்தமைக்கு நல்ல சான்று. மேலும் இத்தொடர் வினைமுற்றாக முடியாமல் 'படி' என்னும் பெயரில் முடிகிறது. அதாவது, செய்து கொடுத்த விதம் இதுவென ஆவணம் தன்னையே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இதனைப் பல வாக்கியங்களாக உடைத்து, ஒவ்வொன்றிற்கும் எழுவாயும் முற்றும் அளித்துவிடுகின்றனர். அவ்வாறு செய்யாமல் பெயர்க்க இயலாது என்பதும் உண்மையே. ஆயினும், 'தானத்தார் கொடுத்தனர்' எனப் படிக்கும் வரலாற்றாசிரியர் முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறார். மூலம் தருவதோ இனிமேல் நடக்கக்கடவதாகிய ஓர் ஏற்பாட்டை.

மன்னர் விருதுகள் இதனினும் சுவையானவை. விசயநகர காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் 'பாஷைக்குத் தப்புவ ராயர கண்டன்' என்ற விருதினை எடுத்துக்கொள்வோம். பாஷை இங்கு மொழியன்று, கொடுத்த வாக்கு. வாக்குத் தவறும் அரசரை அடக்குபவன் என்பது பொருள். மூலத் தொடர் கன்னடம். நான்காம் வேற்றுமை உருபு தமிழாகியுள்ளது. ஈறும் 'கண்டன்' எனத் தமிழ் வடிவம் பெற்றுள்ளது. ஆனால் 'தப்புவ' என்ற பெயரெச்சமும் 'ராயர' என்ற ஆறாம் வேற்றுமையும் கன்னடமாகவே நின்றுவிட்டன. இதனை மொழிபெயர்ப்பு என்பதா, எழுத்துப்பெயர்ப்பு என்பதா? எழுத்தர் ஒரு வாய்பாட்டைச் செவிவழியாகப் பெற்றுத் தம் கை பழகியவாறு எழுதியிருத்தல் வேண்டும் என்றே யான் கருதுகிறேன். பாதி பெயர்ந்த இத்தகைய தொடர்கள், அவ்வலுவலகத்தில் எத்தனை மொழிகள் காதில் விழுந்தன என்பதைக் காட்டுகின்றன.

எழுதியவர் யார் என்பதையும் கல்வெட்டே கூறுகிறது. ஸ்ரீவைஷ்ணவர்களின் பணிப்பின்படி கோயிற் கணக்குத் திருநின்றவூருடையான் எழுதியது என்னும் கையொப்ப வரி விசயநகர காலக் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு மனிதரின் ஆயுளுக்கு மேற்பட்ட காலம் இப்பெயர் தொடர்தலால், இது தனியொருவர் பெயரன்று, கணக்குப் பணிக்குரிய குடிப்பெயர் எனலாம். திருநின்றவூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. சந்திரகிரியில் யார் ஆண்டாலும், மலைமேல் கணக்கு எழுதும் கை ஒரே மரபினதாக இருந்தது. சாளுவ நரசிம்மர் காலத்திலும் அச்சுதராயர் காலத்திலும் ஆவணமொழி தமிழாகவே தொடர்ந்தமைக்கு இதுவும், ஆழ்வார் பாசுரங்களை ஓதிய வைணவச் சூழலும் காரணங்களாம். ஆளும் மன்னரின் விருப்பம் வேறாக இருந்த இடத்தில் வேறு மொழிகளும் இடம் பெற்றன. 1513-இல் கிருஷ்ணதேவராயர் முதன்முறை திருமலைக்கு வந்து அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் தனித்தனியே பொறிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் இம்மும்மொழிப் படிகளை ஒப்பிட்டு ஆராய்தல் பெரும் பயன் தரும்.

இங்கே தாள்ளபாக்கக் குடும்பத்தைக் கருதாமல் மேற்செல்ல இயலாது. அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கில் பாடிய சங்கீர்த்தனங்களும் அவர் மரபினர் பாடியவையும் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலின் ஓர் அறையில் வைக்கப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவை மீண்டும் வெளிவந்தபோது தெலுங்கு இலக்கிய வரலாறே விரிவடைந்தது. அன்னமாச்சாரியாரின் மகனார் பெத்த திருமலாச்சாரியார் கோயிலுக்கு அளித்த கொடைகளோ சுவர்களில் தமிழில் உள்ளன. ஒரே குடும்பம், ஒரே கோயில். பாட்டு செப்பேட்டில் தெலுங்காகவும் கணக்கு கல்லில் தமிழாகவும் அமைந்தன. கல்லை மட்டும் படித்தவர் இக்குடும்பத்தினரைத் தமிழர் என்பார். செப்பேட்டை மட்டும் படித்தவர் அக்கோயிலில் தமிழுக்கு இடமே இல்லை என்பார்.

1801-இல் கருநாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், தகவல் திரட்டும் நோக்கமே மாறியது. கோயில் வருவாய் அரசுக்கு வரவேண்டியிருந்தமையால், எங்கிருந்து எவ்வளவு வருகிறது, யாருக்கு எவ்வளவு செல்கிறது என்பதே கேள்வியாயிற்று. வடஆர்க்காட்டுக் கலெக்டர் ஸ்டிராட்டன் 1803-இல் வருவாய் வாரியத்திற்கு அறிக்கை அனுப்பினார். 1819-இல் கோயிற் பணியாளரிடம் வினாக்கள் விடுத்துப் பெற்ற விடைகளின் தொகுப்பு 'சவால் ஜவாப்' என வழங்கப்படுகிறது. சவால் என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பதே பொருள். இன்றைய தமிழில் அது அறைகூவலாகிவிட்டது. (அதிகாரி கேட்ட கேள்வி கேட்கப்பட்டவர்க்கு அவ்வாறு தோன்றியிருப்பின் வியப்பில்லை.) 1821-இல் புரூஸ் வகுத்த 42 விதிகள் கோயில் நிர்வாகத்திற்கு அடிப்படையாயின. வினா எழுப்பியவர் அறிய விரும்பியவை மட்டுமே இவ்வாவணங்களில் உள்ளன; கோயிலில் எம்மொழி பேசப்பட்டது என எவரும் வினவவில்லை. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1933 வரை அவர்களிடம் இருந்தது.

மகந்துகள் காலத்தின் இறுதியில்தான் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் பணி தொடங்கியது. அப்பணியை ஏற்ற சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930-இல் வெளிவந்தது. 1931 முதல் 1938 வரை தேவஸ்தானக் கல்வெட்டு வரிசையின் ஆறு தொகுதிகள் வெளியாயின. பிந்திய தொகுதிகளை வி. விஜயராகவாச்சாரியார் பதிப்பித்தார். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வெளிவந்த இத்தொகுதிகள் இல்லையெனில் இக்கட்டுரையே இல்லை. எனினும் அவற்றின் அடுக்குமுறை கருதத்தக்கது. தொடக்கக்காலம், சாளுவ நரசிம்மர், கிருஷ்ணராயர், அச்சுதராயர், சதாசிவராயர், வேங்கடபதிராயர் என ஆட்சி அடிப்படையில் தொகுதிகள் பிரிக்கப்பட்டன. அரசவரலாறு எழுதுவார்க்கு இது உவப்பானது. ஒரு கணக்கரின் எழுத்து வழக்கு ஆண்டுதோறும் எவ்வாறு மாறிற்று என அறிய விரும்பும் மொழியியலார், தொகுதிகள் அனைத்தையும் கலைத்து மீண்டும் அடுக்க வேண்டியவராகிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கோயில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகள் சில படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. அத்தகைய கல்வெட்டில் காணும் எழுத்து வடிவம் கொடை நிகழ்ந்த காலத்தது அன்று. சில இடங்களில் சொல் வடிவமும் அவ்வாறே ஆகலாம். புள்ளியின்மையும் எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடின்மையும் கல்வெட்டுத் தமிழின் பொது இயல்புகள். அச்சுப் பக்கத்தில் நாம் காணும் குறிலும் நெடிலும் பதிப்பாசிரியரின் முடிவுகள். அவை பெரும்பாலும் சரியானவையே என்றாலும், ஒலியியல் ஆய்வுக்கு அவற்றை நேர்த்தரவாகக் கொள்ளலாகாது.

நாட்டின் எல்லை வகுக்கும் காலம் வந்தபோது, கல்லை விடுத்து மக்கட்கணக்கு முன்னின்றது. 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. வடவேங்கடம் என்னும் இலக்கிய வரம்பை முன்னிறுத்தி ம. பொ. சிவஞானம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் யாவரும் அறிந்தது. இறுதியில் படாஸ்கர் வகுத்த நெறி, கிராமத்தை அலகாகவும் 1951-ஆம் ஆண்டுக் கணக்கின் தாய்மொழிப் பெரும்பான்மையை அளவுகோலாகவும் கொண்டது. அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

கல்லைப் போன்றே மக்கட்கணக்கும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். அக்கேள்வி ஒரே வடிவில் இருந்ததில்லை. 1881-இல் தாய்மொழி என்றும், 1891-இல் பெற்றோர் மொழி என்றும், 1901 முதல் 1921 வரை வழக்கமாகப் பேசும் மொழி என்றும் கேட்கப்பட்டது. 1931-இல் தாய்மொழியோடு துணைமொழியும் சேர்ந்தது. தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, வீதியிலும் வீட்டிலும் தெலுங்கு பேசிய சித்தூர்க்காரர் ஒருவர் 1891-இல் தமிழராகவும் 1911-இல் தெலுங்கராகவும் எண்ணப்பட்டிருக்கலாம். அவர் நாவில் எந்த மாற்றமும் நிகழவில்லை; படிவமே மாறிற்று. பத்தாண்டுக்கொரு முறை வந்த எண்களை வரிசையாக அடுக்கி மொழி வளர்ந்தது, தேய்ந்தது எனக் கூறும் கட்டுரைகளைப் படிக்கும்போது இப்படிவ மாற்றத்தை அவற்றின் ஆசிரியர்கள் கண்டனரா என்ற ஐயம் எழுகிறது.

சித்தூர்ச் சந்தையில் கள ஆய்வு செய்தபோது முதியவள் ஒருத்தியிடம், "உங்க தாய்மொழி எதும்மா?" என வினவினேன். "தமிழ்தான் சாமி" என்றாள். வீட்டில் பேசுவது எதுவெனக் கேட்டதற்கு, "மருமக தெலுங்கு, பேரப்பிள்ளைங்க தெலுங்கு, நான் எதுல பேசினா என்ன?" என்றாள். கணக்கு எழுதுவது எம்மொழியில் என்றேன். சிரித்துவிட்டு விரல்களை மடக்கித் தமிழில் எண்ணிக் காட்டினாள். மூன்று வினாக்களுக்கும் மூன்று வேறு விடைகள் கிடைத்தன. என் படிவத்திலோ ஒரு கட்டமே இருந்தது. அதில் எதை எழுதினேன் என்பதை இன்று கூறக் கூச்சமாக இருக்கிறது.

இனிச் செய்யத்தக்க பணி ஒன்று உடனடியாகக் கைக்கு எட்டுவதாக உள்ளது. ஆறு தொகுதிகளிலும் உள்ள கையொப்ப வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஆண்டு, கோயில், கொடையாளி, எழுத்தர் என்ற குறிப்புகளோடு கால வரிசையில் அடுக்க வேண்டும். உடன், கணக்கர் ஆண்ட பின்னக் குறிகளையும் அளவுக் குறிகளையும் எண்ணாகவோ சொல்லாகவோ மாற்றாமல் குறிகளாகவே பதிவு செய்தல் வேண்டும். தமிழ்ப் பின்னங்களுக்கும் பழங்கணக்குக் குறிகளுக்கும் 2019-இல் ஒருங்குறியில் 51 இடங்கள் ஒதுக்கப்பட்டமையால், அச்சில் இடமில்லை என்ற தடை நீங்கியுள்ளது. குடுத்த, கொடுத்த என்னும் இரு வடிவங்களும் எந்த ஆண்டு முதல், யார் கையில், எந்தக் கொடையாளிக்கு எழுதும்போது வருகின்றன என்பதை அவ்வட்டவணையிலிருந்து படிக்கலாம். தாள்ளபாக்கத்தார் கொடைகளிலிருந்து இதனைத் தொடங்குதல் தகும்.